முன்தேதி போட முடியாத காகிதங்கள்: இன்டர்வென்ஷனல் கார்டியாலஜிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இன்டர்வென்ஷனல் கார்டியாலஜி, அதாவது ரத்தக்குழாய் வழியே போய் இதயத்தைச் சரிசெய்யும் துறை. அதன் ஃபெல்லோஷிப் (சிறப்புப் பயிற்சி) விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. முதல் ஆபரேட்டராக நீங்கள் செய்த ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறப்பது) எத்தனை, மேற்பார்வையாளர் கையெழுத்துடன் பட்டியலை இணைக்கவும். எண்ணிக்கை எனக்கு மனதில் இருந்தது. கையெழுத்துதான் எங்கேயும் இல்லை. கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) பதிவேட்டைப் புரட்டினால் பாதி இடங்களில் என் பெயருக்கு எதிரே ‘உதவி’ என்றுதான் எழுதியிருந்தது, மீதிப் பாதியில் என் பெயரே இல்லை. அந்தச் சுற்று கைவிட்டுப் போனது. அடுத்த சுற்றுக்கு ஒரு வருடம் காத்திருந்தேன்.

அந்த ஒரு வருடத்தில் எழுதலாம் என்று ஒரு ஆய்வை எடுத்தேன். அதிலும் இதே கதைதான். அதைக் கீழே சொல்கிறேன்.

கைடு வயரை எப்படிச் சுழற்றுவது, பலூனை எப்போது இறக்குவது என்பதையெல்லாம் உங்கள் ஆசிரியர் சொல்லித்தருவார். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. பொது மருத்துவம் முடித்து இதயவியலுக்குள் வந்திருப்பவர்கள், வரப்போகிறவர்கள், ‘ஸ்டென்ட் வைக்கும் டாக்டர்’ ஆக வேண்டும், கூடவே கொஞ்சம் ஆய்வும் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் எந்தக் காகிதத்தை எப்போது கையில் வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். நான் சொல்லும் எண்களை உங்கள் மருத்துவக் கவுன்சிலின் விதிகளோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் வருடக் கணக்கைப் போடுங்கள்

மருத்துவப் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம். பொது மருத்துவத்துக்கு சுமார் மூன்று. இதயவியலுக்கு இன்னொரு மூன்று. அதற்குப் பிறகுதான் இன்டர்வென்ஷன் ஃபெல்லோஷிப், ஒன்று முதல் இரண்டு வருடம். வால்வு மாற்றுவது, இதயத் தடுப்புச் சுவரில் உள்ள துளையை அடைப்பது என்று ஸ்ட்ரக்சுரல் பக்கம் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் அதற்கும் தனியாக ஒரு வருடம். இடையில் தேர்வுக்குக் காத்திருப்பது, விசாவுக்குக் காத்திருப்பது, குடும்பக் காரணங்கள் என்று ஓரிரு வருடங்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஃபெல்லோஷிப் காலத்தில் சம்பளம் உதவித்தொகை அளவில்தான் இருக்கும். சில இடங்களில் அதுவும் கிடையாது, கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும். கடன் வைத்திருப்பவர்கள் தவணைகளை இந்த வருடங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாரடைப்போடு வரும் நோயாளிக்கு மருத்துவமனை வாசலிலிருந்து 90 நிமிடத்துக்குள் ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும் என்பது பரவலான இலக்கு. இரவுப் பணியில் இருப்பவர் சுமார் அரை மணி நேரத்துக்குள் லேபில் நிற்க வேண்டும். ஆக, வீடு மருத்துவமனைக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். அங்கேதான் வாடகை அதிகம்.

2. லாக்புக்: முதல் நாள், முதல் கேஸ்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

லாக்புக், அதாவது நீங்கள் செய்த கேஸ்களின் குறிப்பேடு, வருடக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் படிவம் இல்லை. கேஸ் முடிந்து ஈய ஏப்ரனைக் கழற்றிய கையோடு எழுத வேண்டியது. நான் ‘அப்புறம் எழுதிக்கொள்ளலாம்’ என்றுதான் தள்ளிப்போட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

எழுத வேண்டியவை: தேதி, லேபின் கேஸ் எண், எதற்காகச் செய்தது (மாரடைப்பா, நிலையான நெஞ்சுவலியா), மணிக்கட்டு வழியா, தொடை வழியா, எந்த ரத்தக்குழாய், என்ன அடைப்பு, பயன்படுத்திய முக்கியக் கருவிகள், உங்கள் பங்கு, ஏற்பட்ட சிக்கல், மேற்பார்வையாளர் பெயர். இதோடு மூன்று எண்களையும் எழுதிவிடுங்கள்: ஃப்ளூரோஸ்கோப்பி (நேரடி எக்ஸ்ரே) நேரம், கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் மருந்து) அளவு, இயந்திரம் காட்டும் ஏர் கெர்மா (கதிர்வீச்சு அளவு). எந்த விண்ணப்பமும் இவற்றைக் கேட்காமல் போகலாம். ஆனால் உங்கள் முதல் ஆய்வு இந்த மூன்று எண்களிலிருந்தே பிறக்கலாம்.

நோயாளியின் பெயரையோ பிறந்த தேதியையோ எழுதாதீர்கள். கைப்பேசியில் ஆஞ்சியோ படத்தைப் பிடித்து லாக்புக்கோடு சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையின் மூலையில் பெயர் தெரியும். அந்த ஒரு படம் போதும், ஒழுங்கு நடவடிக்கைக்கு.

‘பங்கு’ என்ற பத்தியில்தான் சண்டை வரும். வயரை அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோனது நீங்களா? பலூனும் ஸ்டென்டும் உங்கள் கையால் போனதா? அப்படியென்றால் மேற்பார்வையில் முதல் ஆபரேட்டர். ஷீத் (ரத்தக்குழாயில் செருகும் நுழைவுக் குழாய்) போட்டுவிட்டு ஒதுங்கி நின்றீர்கள் என்றால் அது உதவிதான், என்ன மனக்குறை இருந்தாலும். இந்த வரையறையை ஒவ்வொரு திட்டமும் தன் போக்கில் எழுதி வைத்திருக்கும். நீங்கள் பின்னால் விண்ணப்பிக்கப்போகும் இடத்தின் வரையறையை இப்போதே எடுத்து லாக்புக்கின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரே அமர்வில் இரண்டு குழாய்களில் ஸ்டென்ட் வைத்தால் பல இடங்களில் அது ஒரே கேஸ்தான். இரண்டு என்று எண்ணி வைத்தவர்களுக்குக் கடைசியில் பட்டியல் சுருங்கிப்போகும்.

எவ்வளவு வேண்டும்? அளவு தெரிவதற்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்க இன்டர்வென்ஷன் ஃபெல்லோஷிப்பில் குறைந்தபட்சம் 250 இடையீடுகள் (ஆஞ்சியோபிளாஸ்டி போன்றவை) என்பது பல காலமாக இருக்கும் கணக்கு. உங்கள் இடத்தில் வேறாக இருக்கலாம். எண்ணிக்கையைவிட அதன் கலவையைத் தேர்வுக்குழு கவனிக்கும். இருநூறு கேஸும் எளிய அடைப்பாக இருந்தால் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

சிக்கல்களை மறைக்காதீர்கள். ரத்தக்குழாயில் துளை விழுந்தது, குழாய்ச் சுவர் கிழிந்தது, மணிக்கட்டில் ரத்தம் கட்டியது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐம்பது கேஸில் ஒரு சிக்கல்கூட இல்லாத லாக்புக்கைப் பார்த்தால் நானே நம்ப மாட்டேன்.

கையெழுத்தை வாரம் ஒருமுறை வாங்குங்கள், மாதம் ஒருமுறை அல்ல. வாரத்துக்கு ஒரு பக்கம் என்றால் எந்த சீனியரும் நின்றபடியே போட்டுவிடுவார். ஆறு மாதக் கட்டைக் கொண்டுபோய் நீட்டினால் ‘வைத்துவிட்டுப் போங்கள்’ என்பார், அங்கேயே இருக்கும். கையெழுத்தான பக்கத்தை அன்றே ஸ்கேன் செய்து, மருத்துவமனைக் கணினியில் இல்லாமல், உங்களுக்குச் சொந்தமான பூட்டுப்போட்ட இடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

3. பேட்ஜ், ஏப்ரன், டோஸ் பதிவு

உடம்பில் விழும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜுக்குச் சேரும் நாளே விண்ணப்பியுங்கள். பேட்ஜ் வரும் வரை வெறுமனே உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால், அந்த வாரங்களின் டோஸ் எந்தக் கணக்கிலும் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பேட்ஜ் கேளுங்கள்: ஒன்று ஏப்ரனுக்கு உள்ளே மார்பில், இன்னொன்று வெளியே கழுத்துப் பட்டையருகில். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் உங்கள் உடம்புக்குப் பயங்கர டோஸ் விழுந்ததாக அறிக்கை வரும், விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். எனக்கு அந்த அனுபவமும் உண்டு. பேட்ஜில் நிறம் ஒட்டி வையுங்கள், பிரச்சினை தீரும்.

தெரிந்திருக்க வேண்டிய எண்கள் சில. பணியாளருக்கு முழு உடல் வரம்பு, ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு), எந்த ஒரு வருடமும் 50-ஐத் தாண்டக்கூடாது. கண் வில்லைக்கும் இதே அளவைத்தான் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு 2011-இல் பரிந்துரைத்தது; அதற்கு முன்பு கண்ணுக்கான வரம்பு 150. கதிர்த் தடுப்புக் கண்ணாடி வாங்கத் தயங்குபவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கட்டும். கருவுற்றிருப்பதை எழுத்தில் தெரிவித்த பிறகு கருவுக்கான வரம்பு, மீதமுள்ள காலம் முழுவதற்கும் சேர்த்து, 1 மில்லி சீவர்ட். தெரிவிக்கும் படிவம் எங்கே கிடைக்கும் என்பதைத் தேவை வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பொது ஏப்ரனை வைத்துச் சமாளிக்கலாம் என்று நானும் நினைத்தேன். அளவு பொருந்தாத ஏப்ரனில் அக்குள் திறந்து கிடக்கும், எடை முழுதும் தோளில் இறங்கும். கைக்காசு போட்டு வாங்குவதாக இருந்தால், மேலாடை தனி, பாவாடை தனி என்று இரண்டு துண்டாக, உடம்பை அளந்து தைத்ததாக வாங்குங்கள். எடையில் பாதி இடுப்புக்கு இறங்கும். முதுகுவலிக்காகத் தொழிலை மாற்றிக்கொண்டவர்கள் இந்தத் துறையில் உண்டு. தைராய்டு பட்டையும் ஓரம் மூடிய ஈயக் கண்ணாடியும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஏப்ரனை மடிக்காதீர்கள்; மாட்டித் தொங்கவிடுங்கள். மடித்த இடத்தில் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. வருடம் ஒருமுறை ஃப்ளூரோவின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எல்.ஏ.ஓ. கிரேனியல் கோணத்தில், அதாவது நோயாளியின் இடப்பக்கமும் தலைப்பக்கமும் சாய்ந்து, கேமரா நிற்கும்போது ஆபரேட்டர் மேல் சிதறல் அதிகம். தொங்கும் ஈயக் கண்ணாடித் தடுப்பை இழுத்துப் போட்ட பிறகே பெடலை மிதியுங்கள். சீனியர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை.

4. ஃபெல்லோஷிப்பைத் தேர்வது

பெயர் பெற்ற இடம் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். அறிவிப்பில் ‘சர்வதேச ஃபெல்லோஷிப்’ என்று இருக்கும். போய்ப் பார்த்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் வேலைதான், கையுறை போட அனுமதி இருக்காது. ‘அப்சர்வர்’ என்ற சொல் நியமனக் கடிதத்தில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். நோயாளியைத் தொட அந்த நாட்டின் தற்காலிகப் பதிவு வேண்டும். கடிதத்தில் பதிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அது பார்வையாளர் இடமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

போன வருடம் அங்கே இருந்த ஃபெல்லோ ஒருவரைக் கண்டுபிடியுங்கள். இயக்குநரைவிட இவர் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். கேட்க வேண்டியவை: ஒரு லேபுக்கு எத்தனை ஃபெல்லோ? முதல் ஆபரேட்டராக மாதம் எத்தனை? இரவு மாரடைப்பு கேஸ்களில் கை கிடைக்கிறதா, போன் எடுப்பது மட்டும்தானா? ரத்தக்குழாய்க்கு உள்ளிருந்து எடுக்கும் ஐவஸ், ஓ.சி.டி. படங்களை யார் வாசிக்கிறார்கள்? சுண்ணாம்பு படிந்த அடைப்புக்கு ரோட்டா (சுழன்று அடைப்பைச் சுரண்டும் கருவி) பயன்படுத்துகிறார்களா? பழைய முழு அடைப்புகளில் ஃபெல்லோவுக்கு எந்தக் கட்டம் வரை அனுமதி? ஆய்வுக்கென்று வாரத்தில் அரை நாளாவது ஒதுக்கப்படுகிறதா? கடைசிக் கேள்விக்கு எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். அந்த அரை நாளில் கடைசியாக என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் முடித்த பிறகு அங்கேயே இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா, இடையில் விலகினால் அபராதம் எவ்வளவு என்பதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

5. ஆவணங்கள்: பின்னாலிருந்து எண்ணுங்கள்

சேர வேண்டிய நாளிலிருந்து பதினெட்டு மாதம் பின்னால் போய்த் தொடங்குங்கள். எனக்குச் சரிப்பட்ட வரிசை இது.

பதினெட்டு மாதத்துக்கு முன்: பட்டச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு, மருத்துவப் பதிவு ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அது விரிந்த பெயர், திருமணத்துக்குப் பின் மாறிய பெயர் என்று சிக்கல்கள் இருந்தால் சரிசெய்ய மாதக்கணக்காகும். இதை மட்டும் கடைசிக்கு வைக்காதீர்கள்.

பன்னிரண்டு மாதத்துக்கு முன்: பட்டங்களை மூலத்திலிருந்தே சரிபார்க்கும் நடைமுறையைத் தொடங்குங்கள். சரிபார்ப்பு நிறுவனம் உங்கள் கல்லூரிக்கு எழுதும், கல்லூரி பதில் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அந்தக் கடிதம் யார் மேசையில் இருக்கிறது என்று நேரில் விசாரித்தால்தான் நகரும். கட்டணம் பட்டத்துக்குப் பட்டம் தனித்தனி. மொழித் தேர்வு தேவைப்பட்டால் அதன் முடிவு பொதுவாக இரண்டு வருடம் செல்லும், ஆகவே இப்போதே எழுதிவிடலாம்.

ஆறு மாதத்துக்கு முன்: பரிந்துரைக் கடிதங்கள். துறைத் தலைவர் ஒருவர், உங்களோடு லேபில் நின்றவர் ஒருவர், ஆய்வில் வழிகாட்டியவர் ஒருவர். பொதுவான புகழ்ச்சிக்கு மதிப்பில்லை. ‘இவர் இத்தனை கேஸ் என் எதிரில் செய்தார், இந்தச் சிக்கலை இப்படிக் கையாண்டார்’ என்று எழுதச் சொல்லுங்கள். கேஸ் விவரத்தை ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசிக்கான ஆன்டிபாடி அளவையும் பார்த்துவிடுங்கள். 10-க்குக் கீழே இருந்தால் மறுபடி ஊசி போட்டு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும், மாதங்கள் ஓடும்.

மூன்று மாதத்துக்கு முன்: மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்று, காவல்துறைச் சான்று. இவற்றை முன்பே வாங்கி வைத்துப் பெருமைப்படாதீர்கள். நன்னடத்தைச் சான்று பல இடங்களில் மூன்று மாதம்தான் செல்லும். நான் முந்திக்கொண்டு வாங்கி, அது காலாவதியாகி, மறுபடி கட்டணம் கட்டினேன்.

6. ஆய்வுக் கேள்வி: உங்கள் லேபில் ஏற்கெனவே கிடப்பது

‘என் ஆர்வம் சிக்கலான ஆஞ்சியோபிளாஸ்டி’ என்று எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். அது ஆர்வம்தான், கேள்வி ஆகாது.

துறையில் பேசப்படும் பெரிய ஆய்வுகளை ஒருமுறை படியுங்கள், அளவைப் புரிந்துகொள்வதற்காக. மணிக்கட்டு வழியா தொடை வழியா என்று கேட்ட மேட்ரிக்ஸ், 2015-இல் 8,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துக் கேட்டது. நிலையான நோயில் இடையீடு உயிரைக் காக்கிறதா என்ற இஸ்கீமியா, 2020-இல் 5,179 பேர். ஃபெல்லோவாக இருக்கும்போது இதெல்லாம் நமக்கு எட்டாது. ஆனால் ஆர்பிட்டாவைப் பாருங்கள். 2017-இல் வெளியானது, வெறும் 200 பேர். பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்ததுபோல ஒரு பாவனை நடைமுறை. ஆறு வாரம் கழித்து நடைப் பரிசோதனையில் இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2023-இல் அதே குழு 301 பேரை வைத்து, நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டபோது ஸ்டென்டுக்குப் பலன் தெரிந்தது. கேள்வியைக் கூர்மையாகக் கேட்டால் சின்ன எண்ணிக்கையே எவ்வளவு பேசும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மாரடைப்பில் ரத்தக்கட்டை உறிஞ்சி எடுப்பதால் பலன் உண்டா என்று கேட்ட டேஸ்ட் ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பதிவேட்டுக்குள்ளேயே 7,244 பேரைக் குலுக்கலில் பிரித்து, 2013-இல் முடிவு சொன்னார்கள். தரவு சேர்ப்பதற்கென்று தனிப் படை வைக்கவில்லை.

உங்களுக்கும் அதே தந்திரம்தான். லேப் தினமும் என்ன பதிவு செய்கிறது என்று பாருங்கள். கான்ட்ராஸ்டுக்குப் பிறகு கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறியவர்கள் யார்? எந்தக் கோணத்தில் ஏர் கெர்மா எகிறுகிறது? இரவில் வந்த மாரடைப்புக்கும் பகலில் வந்ததற்கும் வாசலிலிருந்து பலூன் வரை எத்தனை நிமிட வித்தியாசம், அந்த நிமிடங்கள் எங்கே கரைகின்றன?

நான் கடைசியில் எடுத்தது மணிக்கட்டு ரத்தக்குழாய் அடைப்பு. ஆஞ்சியோ முடிந்த கையில் நாடி தட்டுகிறது என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஆனால் ரேடியல் குழாய் (கட்டைவிரல் பக்கம், நாம் நுழைந்த குழாய்) அடைத்திருந்தாலும் அல்னார் (சுண்டுவிரல் பக்கக் குழாய்) பக்கமிருந்து உள்ளங்கை வளைவு வழியாக ரத்தம் சுற்றி வந்து நாடி தட்டக்கூடும். கட்டைவிரலில் ஆக்சிமீட்டரை மாட்டி அல்னாரை அழுத்துங்கள். அலை படுத்து எழவில்லை என்றால் ரேடியல் அடைத்திருக்கிறது. நோயாளிக்கு அரை நிமிடம்தான். தனிச் செலவு கிடையாது, புதுக் கருவியும் வேண்டாம். புறப்படும் முன் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்தால் ஆறு மாதத்தில் எழுதத்தக்க ஒரு தரவு கையில் இருக்கும். அடுத்த வாரம் முதல், ரத்தம் நிற்க மணிக்கட்டில் கட்டும் பேண்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில் லேபே மாறும். எனக்கு இந்த இரண்டாவது லாபம்தான் பெரிதாகப் பட்டது.

தரவைத் தொடும் முன் வரையறைகளை எழுதி வையுங்கள். ரத்தக்கசிவு என்றால் பார்க் (BARC) வகைப்பாடு, எந்த வகையிலிருந்து எண்ணுகிறீர்கள்? சிறுநீரகப் பாதிப்பு என்றால் 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறியதா, ஏழு நாளில் ஒன்றரை மடங்கா? ஸ்டென்டில் ரத்தக்கட்டு என்றால் 24 மணி நேரத்துக்குள், 30 நாளுக்குள், ஒரு வருடத்துக்குள், அதற்கும் பின்னால் என்று எந்தக் கட்டம்? முடிவைப் பார்த்துவிட்டு வரையறையைத் திருத்தினால் மதிப்பாய்வாளர் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்காவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

7. நெறிமுறைக் குழு அனுமதி: இங்கேதான் நான் இரண்டாம் முறை விழுந்தேன்

தொடக்கத்தில் சொன்ன அந்த ஆய்வின் கதை இது. பழைய பதிவேட்டிலிருந்து எடுக்கும் தரவுதானே, நோயாளியைத் தொடவே இல்லையே, அனுமதி எதற்கு என்று நினைத்தேன். நான்கு மாதம் உட்கார்ந்து தரவைத் தொகுத்துவிட்டுத்தான் குழுவுக்கு எழுதினேன். ‘தரவு சேகரிப்பு தொடங்கிய தேதி’ என்ற வரியில் உண்மையை எழுதினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. நடந்து முடிந்த ஒன்றுக்கு அனுமதி தருவது குழுவின் வேலை இல்லை என்றார்கள். தேதியை மாற்றிப் போடச் சொல்லி நல்லெண்ணத்தோடு ஆலோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். அதைச் செய்யாதீர்கள். கணினிக் கோப்பு எப்போது உருவானது என்பது கோப்புக்கே தெரியும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் ஆய்வுத் திட்டம், நாலைந்து பக்கம். அதோடு ஜி.சி.பி. (நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) பயிற்சிச் சான்று, இணையத்தில் கட்டணமின்றியே கிடைக்கும், ஓரிரு நாளில் முடிக்கலாம், ஆனால் காலாவதித் தேதி உண்டு. தரவுப் படிவத்தின் மாதிரி. சம்மதப் படிவம், நோயாளி பேசும் மொழியில். பழைய தரவு ஆய்வுக்குச் சம்மதத்திலிருந்து விலக்கு கேட்கலாம். அந்த விலக்கை முடிவு செய்வது குழு, நீங்கள் அல்ல. துறைத் தலைவரின் ஒப்புதல் கடிதம். குழு மாதம் ஒருமுறைதான் கூடும் என்றால் கெடு ஒருநாள் தவறினாலும் ஒரு மாதம் போச்சு. திருத்தங்களோடு ஒரு சுற்று நிச்சயம் திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்று ஆய்வே பிரித்துக் கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவகத்தில் பதிந்தாக வேண்டும். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 முதல் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. ஒரு வாரம் தாமதமாகப் பதிந்தாலும் நல்ல இதழ்களில் கதவு மூடிவிடும்.

அப்புறம், ஆசிரியர் வரிசை. முதல் பெயர் யார், கடைசிப் பெயர் யார், கடிதத் தொடர்பு யார் என்பதைத் தரவு சேர்க்கும் முன் ஒரு மின்னஞ்சலில் எழுதி எல்லோரிடமும் ‘சரி’ வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். வேலை முடிந்த பிறகு இதைப் பேசினால் நட்பு முறியும்.

8. எழுதுவதும் அதற்கு ஆகும் செலவும்

பதிவேட்டு ஆய்வு என்றால் ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியலின் 22 குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். புள்ளியியல் நிபுணரைக் கடைசியில் கூப்பிடாமல் திட்டம் எழுதும்போதே கூப்பிட்டால் கட்டணம் குறையும், அவருக்குக் கோபமும் குறையும். திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்கள் வெளியீட்டுக் கட்டணம் கேட்கும், சில ஃபெல்லோக்களின் பல மாத உதவித்தொகைக்குச் சமமாக இருக்கும். அனுப்பும் முன்பே கட்டணப் பக்கத்தைப் பாருங்கள், தள்ளுபடிக்கும் முன்பே எழுதுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ‘உங்கள் மதிப்புமிக்க கட்டுரையை மூன்று நாளில் வெளியிடுகிறோம்’ என்று தானாக வரும் அழைப்புகளைத் திறக்காமலே அழித்துவிடலாம்.

9. முதல் வேலையும் பழைய இடத்தை விட்டுக் கிளம்புவதும்

வேலைக் கடிதத்தில் மூன்றைப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை கேஸ் கிடைக்கும்? திறன் மங்காமலிருக்க ஆண்டுக்கு 50 ஆஞ்சியோபிளாஸ்டி, இரண்டு வருடச் சராசரியாக, என்று அமெரிக்க இதயவியல் சங்கங்கள் 2013-இல் சொன்னது இன்றும் ஒரு நல்ல உரைகல். முதல் சில மாதங்களுக்குப் பக்கத்தில் நிற்க மூத்தவர் உண்டா? காப்பீடு எப்படிப்பட்டது? சில காப்பீடுகள், வழக்கு தொடரப்படும் நாளில் பாலிசி நடப்பில் இருந்தால்தான் பணம் தரும். வேலை மாறிய பிறகு பழைய கேஸ் ஒன்று கிளம்பினால் கையைப் பிசைய வேண்டியதுதான். வால் காப்பீட்டுக்கு (வேலையை விட்ட பிறகு கிளம்பும் வழக்குகளுக்கானது) யார் பணம் கட்டுவது என்பதைச் சேரும்போதே எழுதி வாங்குங்கள்.

கிளம்பும் இடத்தில் கடைசி வாரத்தில் வாங்க வேண்டியவை: கையெழுத்தான முழு லாக்புக், துறைத் தலைவரின் எண்ணிக்கைச் சான்று, மொத்த டோஸ் பதிவு, நெறிமுறைக் குழு அனுமதியின் பிரதி, ஆய்வை யார் தொடர்வது என்ற கடிதம். நோயாளித் தரவை மட்டும் பென்டிரைவில் எடுத்துச் செல்லாதீர்கள். அது மருத்துவமனையின் உடைமை.

இதழ்களில் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரியை அன்றே மாற்றிவிடுங்கள். நான் மாற்றவில்லை. அந்த மணிக்கட்டுக் கட்டுரைக்குத் திருத்தக் கோரிக்கை மருத்துவமனை முகவரிக்குப் போயிருக்கிறது. கணக்கு மூடப்பட்டிருந்ததால் எனக்கு வந்து சேரவில்லை. அறுபது நாள் கெடு முடிந்து இரண்டு வாரம் கழித்து, என்ன ஆயிற்று என்று நானே எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது. புதிய கட்டுரையாக மறுபடி சமர்ப்பிக்கச் சொன்னார்கள்.